மணலைத் தடுப்பதா, கொட்டிக்கொண்டே ஓடுவதா? வெயில் கால மணல் அல்ட்ராவுக்கு (மாரத்தானைவிட நீண்ட ஓட்டத்துக்கு) நான்கு காலணி ஏற்பாடுகள்

ஒரே வாரத்தில் இரண்டு பேர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவர் துபாயில் வேலை பார்க்கிறவர். மொராக்கோவில் நடக்கும் ‘மாரத்தான் தே சாப்ல்’ ஓட்டத்துக்குப் பணம் கட்டிவிட்டார். பெயருக்குப் பிரெஞ்சு மொழியில் ‘மணல் மாரத்தான்’ என்று பொருள். இன்னொருவர் நாகப்பட்டினத்துக்காரர். நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து பங்குனியில் கடற்கரையை ஒட்டியே 50 கிலோமீட்டர் ஓடிப் பார்ப்பது என்று முடிவெடுத்திருக்கிறார்கள். ஷூவுக்குள் மணல் போகாமல் இருக்க என்ன வாங்குவது என்பதுதான் இருவருக்கும் குழப்பம். துபாய்க்காரருக்குச் சொன்ன பதிலை அப்படியே நாகப்பட்டினத்துக்காரருக்கும் அனுப்பியிருந்தால் அவருடைய பாதங்கள் என்னைச் சபித்திருக்கும்.

நான் மணலில் ஓடிப் பழகியது தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிகளில். திருச்செந்தூருக்கு மேற்கே குதிரைமொழித் தேரிப் பக்கம் போயிருப்பவர்களுக்கு அந்தச் செம்மணல் தெரியும். கையில் அள்ளினால் குங்குமம் போல விரலிடுக்கில் வழிந்துவிடும். அங்கே முதல் முறை 30 கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்த அன்று, இடது ஷூவை ஒரு தட்டில் கவிழ்த்துச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். 140 கிராம். ஒரு ஷூவில் 100 கிராம் கூடினால் ஓடுவதற்கான ஆற்றல் செலவு ஏறத்தாழ 1 சதவீதம் கூடும் என்பது பழைய கணக்கு. அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. படுத்தியது வேறு. அந்த மணல் முழுக்க விரல்களுக்கு முன்னால் போய் அடைந்து, அரை அளவு பெரிதாகப் பார்த்து வாங்கிய ஷூவை ஒரு அளவு சிறிதாக்கிவிட்டிருந்தது. பெருவிரல் நகம் இரண்டு மாதம் கறுத்துக் கிடந்து, பிறகு ஒரு நாள் காலுறையோடு கழன்று வந்தது.

## எதை வைத்து எடைபோடுவது

கடைக்காரர்கள் ஒரே ஓர் அளவுகோலைத்தான் காட்டுவார்கள்: எவ்வளவு மணலைத் தடுக்கிறது? அதை மட்டும் பார்த்தால் விலை கூடிய பொருள்தான் எப்போதும் ஜெயிக்கும். ஓடுகிறவர் பார்க்க வேண்டியவை இன்னும் சில உண்டு.

மணலின் பருமன். கடற்கரை மணல் பெரும்பாலும் பருக்கை. ஷூவின் வாய் வழியாகத்தான் வரும். தேரி மணலும் காற்று சலித்துப் போட்ட பாலைவன மணலும் அப்படி அல்ல. ஷூவின் மேல் வலைத்துணி வழியாகவே இறங்கிவிடும். உங்கள் ஷூவின் முன்பகுதியில் அந்த ஊர் மணலை ஒரு கரண்டி போட்டுத் தட்டிப் பாருங்கள். உள்ளே விழுந்தால் வாயை மட்டும் மூடிப் பயனில்லை.

காலின் ஈரம். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். மணல் தேய்த்து வருவது சிராய்ப்பு. கொப்புளம் வேறு வழியில் வருகிறது. தோலின் மேற்பரப்பு காலுறையோடு ஒட்டிக்கொண்டு நிற்க, உள்ளே எலும்பு முன்னும் பின்னும் நகர, இடையில் இருக்கும் தோலடுக்குகள் இழுபட்டுக் கிழிந்து நீர் கோத்துக்கொள்கிறது. ஈரமான தோல் இன்னும் நன்றாக ஒட்டும், இன்னும் சீக்கிரம் கிழியும். ஆகவே மணலைத் தடுக்கிற துணி வியர்வையையும் அடைத்துவைத்தால், சிராய்ப்பைக் கொடுத்துக் கொப்புளத்தை வாங்கிய கதைதான். சகாராவின் வறண்ட காற்றில் வியர்வை தானாகக் காய்ந்துவிடும். நம் கடலோரத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் காயாது. தொடையிலிருந்து வழிகிற வியர்வை ஒரு மணி நேரத்தில் காலுறையைப் பிழிந்தால் சொட்டும்படி நனைத்துவிடும்.

வழியில் மணல் எவ்வளவு. சகாராவிலேயே மணல் போர்த்திய நிலம் கால்வாசிதான். மீதி கல்லும் சரளையும் பாறை மேடும். ‘மணல் ஓட்டம்’ என்று பெயர் வைத்துவிட்டதால் எல்லாமே மணல் என்று நினைத்து, மெல்லிய அடிப்பாகமுள்ள ஷூவோடு போய்க் கல் குத்தித் திரும்பியவர்கள் உண்டு.

ஒரு நாளா, பல நாளா. ஒரு நாள் ஓட்டத்தில் மாலையில் ஒரு கொப்புளம் வந்தால் வீட்டுக்குப் போய் வெந்நீரில் காலை வைக்கலாம். ஆறு நாள் ஓட்டத்தில் அதே கொப்புளத்தோடு மறுநாள் காலை 30 கிலோமீட்டர் போக வேண்டும். இதற்குக் கொடுக்கிற விலையும் அதற்குக் கொடுக்கிற விலையும் ஒன்றல்ல.

கெட்டுப்போனால் சரிசெய்ய முடியுமா. கிழிந்தது, அறுந்தது, பிய்ந்தது எதுவானாலும் உங்கள் பையில் இருக்கிற ஊசிநூலால் ஆகுமா என்று பார்க்க வேண்டும்.

பணத்தைக் கடைசியில்தான் வைக்கிறேன். அது இந்த விஷயத்தில் அவ்வளவு பெரிய அளவுகோல் அல்ல. மறைந்திருக்கிற செலவுகள்தான் கடிக்கும்.

போகிற போக்கில் ஒரு கணக்கு. 1998-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே வேகத்தில் கெட்டித் தரையைவிட மணலில் நடப்பதற்கு 2.1 முதல் 2.7 மடங்கு ஆற்றல் செலவானது, ஓடுவதற்கு 1.6 மடங்கு செலவானது என்று அளந்தார்கள். உங்கள் 50 கிலோமீட்டர் நேரத்தைத் தார்ச்சாலைக் கணக்கில் போடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். சாலையில் ஆறு மணி நேரத்தில் முடிக்கிறவர் மணலில் ஒன்பது, பத்து மணி நேரம் அதே ஷூவுக்குள் இருப்பார். ஏற்பாடு எதுவானாலும் அத்தனை நேரம் தாங்க வேண்டும்.

## வெறும் ஷூ: வந்தால் கொட்டிக்கொள்வது

உங்களிடம் ஏற்கெனவே இருக்கிற டிரெயில் ஷூ (மண்பாதையில் ஓடுவதற்கானது), அவ்வளவுதான். மணல் சேர்ந்தால் உட்கார்ந்து கழற்றிக் கொட்ட வேண்டும்.

இதை ஏழைகளின் வழி என்று தள்ளிவிடுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இதில் ஒரு பெரிய லாபம் இருக்கிறது. கொட்டுவதற்காக உட்காரும்போது காலைப் பார்க்கிறீர்கள். எங்கே சிவந்திருக்கிறது, எந்த விரல் அழுந்துகிறது என்பது கொப்புளமாகும் முன்பே தெரிந்துவிடும். பாதத்துக்குக் காற்றும் கிடைக்கிறது. ஒரு சிறு துண்டை இடுப்பில் செருகிக்கொண்டு போய், ஒவ்வொரு முறையும் விரலிடுக்கைத் துடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. துடைக்காமல் ஷூவை மட்டும் தட்டிவிட்டுப் போட்டுக்கொள்கிறவர்கள், காலுறைக்குள் ஒட்டியிருக்கும் மணலோடுதான் எழுந்து போகிறார்கள்.

செலவு நேரத்தில் இருக்கிறது. தேரியில் 50 கிலோமீட்டர் ஓடிய ஒரு நாளில் பதினொரு முறை உட்கார்ந்தேன். முதல் சில முறை மூன்று நிமிடம் போதும். 35-ஆவது கிலோமீட்டருக்குப் பிறகு குனிந்து முடிச்சை அவிழ்ப்பதற்குள் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. ஒரு முறை முடிச்சு அவிழாமல், பக்கத்தில் பனங்காட்டில் வேலை செய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் வந்து அவிழ்த்துவிட்டார். மொத்தம் 40 நிமிடம் போனது. கெடு நேரம் வைத்து நடத்துகிற பந்தயத்தில் அந்த 40 நிமிடம் உங்களை வெளியே தள்ளிவிடக்கூடும்.

மணல் அங்கங்கே மட்டும் வருகிற பாதையில், பருக்கை மணலில், வழியில் தண்ணீரைக் கடக்க வேண்டியிருக்கும் இடங்களில் இதைவிட நல்ல வழி இல்லை.

## கணுக்கால் கெய்ட்டர்

ஷூவின் வாயைச் சுற்றி, காலுறைக்கு மேல் மாட்டிக்கொள்கிற மீள்துணிப் பட்டை. முன்னால் ஒரு கொக்கி ஷூ கயிற்றில் மாட்டும், பின்னால் குதிகாலில் ஒரு வெல்க்ரோ ஒட்டும். சில வகைகளில் பாதத்துக்கு அடியில் ஒரு வார் ஓடும்.

எடை ஒன்றுமில்லை. சரளையும் பருக்கை மணலும் வாய் வழியாக வருவதை நன்றாகத் தடுக்கும். துணி மெல்லியது என்பதால் வியர்வை பெரிதாக அடைபடாது. நம் ஊர்க் கடற்கரைக்கும் சவுக்குத் தோப்புப் பாதைக்கும் போதுமானது.

நுண்மணலில்தான் இது ஏமாற்றும். வாய் மூடியிருக்கும், வலைத்துணி திறந்திருக்கும். வருகிற மணல் வந்துகொண்டே இருக்கும், போவதற்கு வழி இருக்காது. கெய்ட்டர் போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் உட்காரவும் மாட்டோம். என் நகம் போன கதையைச் சொன்னேனே, அன்று நான் கணுக்கால் கெய்ட்டர் போட்டிருந்தேன். இன்னொன்று, அடியில் வார் ஓடுகிற வகையைக் கல் தரையில் போடாதீர்கள். ஒவ்வோர் அடிக்கும் வார் கல்லில் உரசும். 20 கிலோமீட்டரில் அறுந்துவிடும், பிறகு கெய்ட்டர் கணுக்காலில் பாவாடை போல ஆடிக்கொண்டிருக்கும்.

ஷூவின் முன்பகுதி வலைத்துணியின் மேல் மெல்லிய ஒட்டுநாடாவை ஒட்டி, மேலே கணுக்கால் கெய்ட்டர் போடுகிற நடுவழி ஒன்றும் உண்டு. ஒரு நாள் தேரி ஓட்டத்துக்கு நான் இப்போது செய்வது இதுதான். நாடா மத்தியானத்துக்குள் உரிய ஆரம்பிக்கும், மாலை வரை எப்படியோ ஒப்பேற்றிவிடும்.

## முழு மணல் கெய்ட்டர்

பாலைவன ஓட்டப் படங்களில் ஷூ முழுக்க வெள்ளைத் துணி போர்த்தி, முழங்காலுக்குக் கீழே வரை ஏறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாராசூட் துணி போல நெருக்கமாக நெய்த மெல்லிய துணி. ஷூவைச் சுற்றி, மேல்பாகமும் அடிப்பாகமும் சேருகிற விளிம்பில், வெல்க்ரோவின் ஒரு பக்கத்தைத் தைத்துவிட வேண்டும். மறுபக்கம் துணியின் ஓரத்தில் இருக்கும். இரண்டையும் அழுத்தினால் ஷூவே ஒரு பைக்குள் போன மாதிரி.

இதைத் தைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பசையால் மட்டும் ஒட்டிக்கொண்டு போனவர்களுக்குப் பசை சூட்டில் இளகி இரண்டாம் நாளே பிரிந்துவிடும். நான் எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே செருப்பு தைக்கிற அண்ணாச்சியிடம் கொடுத்தேன். ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தம்பி, பக்கத்தில் எல்லாம் மெஷினில் ஓட்டிவிடலாம். முன்மூக்கில் மெஷின் நுழையாது, கையால்தான் குத்த வேண்டும். குத்தினால் உள்ளே முடிச்சு விரலில் உறுத்தும். பரவாயில்லையா?” என்று கேட்டார். ஓடுவதைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் இந்த ஏற்பாட்டின் மிகப் பெரிய சிக்கலை ஒரே பார்வையில் சொல்லிவிட்டார். முடிச்சுகளை எல்லாம் வெளிப்பக்கமே போடச் சொன்னேன். உள்ளே தையல் ஓடிய இடத்தில் மெல்லிய தோல் பட்டை ஒன்றைத் தாமாகவே ஒட்டிக் கொடுத்தார். 350 ரூபாய் வாங்கினார். துணிப் பகுதியைத் தெருமுனைத் தையற்காரர் பழைய குடைத் துணியில் தைத்துக் கொடுத்தார். குடைத் துணி இதற்கென்றே நெய்த மாதிரி இருக்கிறது. மெல்லியது, நெருக்கமானது, சீக்கிரம் காய்கிறது. கறுப்புக் குடையை மட்டும் எடுக்காதீர்கள், வெயிலில் அடுப்பாகிவிடும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அனுப்பும் செலவும் சுங்கமும் சேர்ந்து விலை ஏறும். தையற்கூலி அப்போதும் உண்டு.

மணலைத் தடுப்பதில் இதற்கு ஈடு இல்லை. 30 கிலோமீட்டர் தேரியில் ஓடிவிட்டுத் தட்டில் கவிழ்த்தேன். விழுந்தது ஒரு சிட்டிகை.

இனி மறைந்திருக்கும் செலவுகள். தைத்த ஷூவைத் திருப்பிக் கொடுக்க முடியாது. அளவு தவறிவிட்டது என்று பிறகு தெரிந்தால் ஷூவும் போச்சு, தையலும் போச்சு. கால் வீங்குவதற்கு இடம்விட்டு, அரை அளவோ ஓர் அளவோ பெரிதாக வாங்கி, குறைந்தது 100 கிலோமீட்டராவது ஓடிப் பார்த்த பிறகுதான் தைக்கக் கொடுக்க வேண்டும். விரல்களை மடக்கி உந்துகிற இடத்தில் வெல்க்ரோ ஒவ்வோர் அடிக்கும் வளைந்து நிமிரும். முதலில் பிரிவது அங்கேதான். கொக்கிப் பக்கத்தில் நூலும் மணலும் அடைந்தால் பிடி தளரும், பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்றால் தேய்த்துவிட வேண்டும். தேரியில் உடை மரத்து முள் ஒன்று போதும் துணியில் ஓட்டை போட. ஓட்டை விழுந்த முழுக் கெய்ட்டர் மணல் புகுந்து வெளியேற முடியாத பொறி. தண்ணீரில் இறங்கினாலோ, இரண்டு காலிலும் இரண்டு தண்ணீர்ப் பைகளைக் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

எல்லாவற்றையும்விட, வியர்வை. குடைத் துணிக் கெய்ட்டரோடு சித்திரையில் தேரியில் நாலரை மணி நேரம் ஓடினேன். மணல் இல்லை. காலுறையைக் கழற்றியபோது பாதம், நெடுநேரம் துணி துவைத்த கை போல வெளுத்துச் சுருங்கியிருந்தது. குதிகாலின் உள்பக்கத்தில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு கொப்புளம். மொராக்கோவில் இதே கெய்ட்டர் உலர்ந்த காலைத் தந்திருக்கும். கெய்ட்டரில் தப்பில்லை. அது இந்தக் காற்றுக்கு ஆனதில்லை.

## திறந்த செருப்பு

மணல் உள்ளே வந்தால் வந்த வழியே போய்விடும், காலில் ஈரமும் நிற்காது. காகிதத்தில் இதைவிடச் சிறந்தது இல்லை. மெக்சிகோவின் ராராமுரி மக்கள் டயர் செருப்பிலேயே மலைகளில் ஓடுகிறவர்கள். அவர்களில் ஒருவரான, 1993-இல் அமெரிக்காவின் லெட்வில் 100 மைல் ஓட்டத்தை வென்ற விக்டோரியானோ சுர்ரோவுக்கு அப்போது வயது 55. டயர் செருப்பு நமக்கும் புதிதல்ல. பனையேறிகளும் ஆடு மேய்க்கிறவர்களும் அதோடு தேரியில் நடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அவர்கள் பத்து மணிக்கு மேல் மணலில் நிற்பதில்லை. நண்பகல் வெயிலில் காய்ந்த மணலின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். செருப்பின் ஓரத்தில் ஏறிக் காலில் விழுகிற ஒவ்வொரு பிடி மணலும் சுடும். வாருக்கும் தோலுக்கும் இடையே சிக்கும் மணல் உப்புத்தாள் போல அறுக்கும். புறங்கால் வெந்துவிடும், அங்கே சன்ஸ்கிரீன் பூசினால் மணல் ஒட்டிக்கொண்டு இன்னும் மோசம். முள்ளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆண்டுக்கணக்கில் செருப்பிலேயே ஓடிப் பழகியவர்கள், இரவிலோ விடியற்காலையிலோ முடிந்துவிடுகிற கடற்கரை ஓட்டத்துக்குத் தாராளமாகப் போகலாம். மற்றவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு ஆரம்பிக்க வேண்டாம்.

நீர்புகாத ஷூ வாங்கினால் மணலும் புகாதே என்று கேட்பவர்களுக்கு: புகாது. வியர்வையும் வெளியே போகாது. மழைக் காட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | வெறும் ஷூ | கணுக்கால் கெய்ட்டர் | முழுக் கெய்ட்டர் | செருப்பு |
|---|---|---|---|---|
| பருக்கை மணல் | வாய் வழியே வரும் | நன்றாகத் தடுக்கும் | முழுக்கத் தடுக்கும் | வரும், போகும் |
| நுண்மணல் | நிறைய வரும் | வலைத்துணி வழியே வரும் | சிட்டிகைதான் | வரும், போகும் |
| ஈரக் காற்றில் கால் | உட்காரும்போது காயும் | பரவாயில்லை | ஊறிப்போகும் | உலர்ந்திருக்கும் |
| வறண்ட காற்றில் கால் | நல்லது | நல்லது | நல்லது | வெந்துபோகும் |
| தண்ணீரைக் கடந்தால் | வடிந்துவிடும் | வடிந்துவிடும் | பை போல நிற்கும் | கவலையில்லை |
| வழியில் பழுது | ஒன்றுமில்லை | ஊசிநூல் போதும் | முன்மூக்கில் பிரிந்தால் கடினம் | வார் அறுந்தால் சிக்கல் |
| மறைமுகச் செலவு | நேரம் | வீண் தைரியம் | ஷூ அதற்கே ஆகிவிடும், முன்கூட்டியே திட்டம் வேண்டும் | பழக்க ஆண்டுகள் |

கால் மட்டும் பார்த்தால் அட்டவணை போதும். ஓட்டத்தை முடிப்பது காலின் கையில் மட்டும் இல்லை. மாரத்தான் தே சாப்ல் 2021-இல் ஏப்ரலுக்குப் பதிலாக அக்டோபரில் நடந்தது. கடும் வெயிலும், முகாமில் பரவிய வயிற்றுக் கோளாறும் சேர்ந்து ஏறக்குறையப் பாதிப் பேரைப் பாதியிலேயே நிறுத்தின. ஒருவர் இறந்தும்போனார். உச்சி வெயிலில் மயங்கி உட்கார்ந்திருப்பவருக்கு ஷூவில் மணல் இல்லாதது ஆறுதலாக இருக்காது. வெயிலுக்கு உடலைப் பழக்கப் பத்து முதல் பதினான்கு நாள் தேவை. கெய்ட்டருக்காக அலைகிற நாட்களை அந்தக் கணக்கிலிருந்து எடுக்காதீர்கள்.

## கெய்ட்டரைவிட மலிவான இரண்டு

மருத்துவமனைகளில் கட்டுப்போட வைத்திருக்கும் பேப்பர் டேப்பை, வழக்கமாகக் கொப்புளம் வருகிற இடங்களில் ஓடுவதற்கு முன்பே ஒட்டிக்கொள்வது ஒன்று. பாலைவனங்களில் பல நாள் கட்டம் கட்டமாக நடக்கும் 250 கிலோமீட்டர் ஓட்டங்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களிடம் இதைச் சோதித்தார்கள். 2016-இல் வெளியான முடிவின்படி டேப் ஒட்டிய இடங்களில் கொப்புளம் 40 சதவீதம் குறைந்தது. அதே குழுவினர் இதற்கு முன் செய்த சோதனையில் பலன் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். விலை ஒரு காபிக்குச் சமம் என்பதால் நான் ஒட்டிக்கொள்கிறேன்.

விரல் பிரித்த காலுறை இன்னொன்று. மணல் எப்படியும் கொஞ்சம் வரும். அது இரண்டு விரல்களின் தோலுக்கு நடுவே உட்காராமல் துணிக்கு வெளியே நின்றால் பாதித் தொல்லை குறையும். போட்டுக்கொள்ளத்தான் பொறுமை வேண்டும். காலையில் நான்கு மணிக்கு இருட்டில் சுண்டுவிரலைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஒரு தனி அனுபவம்.

## கேட்ட இருவருக்கும்

துபாய்க்காரர் முழுக் கெய்ட்டரே தைத்துக்கொள்ளட்டும். அவருடைய ஓட்டம் சுமார் 250 கிலோமீட்டர், பல நாள். அதில் ஒரு நாள் மட்டும் 80, 90 கிலோமீட்டர் போகும் நீண்ட கட்டம். உணவையும் படுக்கையையும் தானே சுமக்க வேண்டும். தண்ணீர் நீங்கலாகப் பை 6.5 கிலோவுக்குக் குறையக் கூடாது, 15 கிலோவைத் தாண்டக் கூடாது. இன்னொரு ஜோடி ஷூவைத் தூக்கிக்கொண்டு போகிற பேச்சுக்கே இடமில்லை. மொராக்கோவின் மெர்சூகா ஊருக்குப் பக்கத்தில் எர்க் செபி மணற்குன்றுகள் போன்ற இடத்தில் நுண்மணல் எங்கும் புகும், காற்றோ வறண்டது. முழுக் கெய்ட்டருக்கு எதிராக நான் சொன்னவற்றில் இரண்டு பெரிய குறைகளும், அதாவது ஈரமும் தண்ணீரும், அங்கே இல்லை. கல் தரை நிறைய இருப்பதால் அடிப்பாகம் தடித்த ஷூவாகப் பார்த்து, ஐந்து மாதம் முன்பே வாங்கி, மூன்று மாதம் முன்பு தைக்கக் கொடுத்து, துபாயைச் சுற்றியுள்ள மணலிலேயே பை சுமந்து சோதித்துவிடலாம். வளைந்த ஊசி ஒன்று, மெழுகு நூல் கொஞ்சம், மாற்று வெல்க்ரோ ஒரு சாண். இவை பையில் இருக்கட்டும்.

நாகப்பட்டினத்துக்காரர் எதையும் தைக்க வேண்டாம். அவர் வழியில் வெட்டாறு, கடுவையாறு போல ஆற்று முகத்துவாரங்கள் குறுக்கிடும். பங்குனியில் சில மணல் அடைத்துக் கிடக்கும், சிலவற்றில் இறங்கித்தான் ஆக வேண்டும். எதில் இறங்கலாம், எதற்குப் பாலத்தைச் சுற்றிப் போக வேண்டும் என்பதை முந்தைய நாளே அந்தந்தக் குப்பத்து மீனவர்களிடம் கேட்டுக்கொள்வது நல்லது. ஆக, கால் எப்படியும் நனையும். அலையோரத்து ஈரமணல் கெட்டியாக இருக்கும், ஆனால் கடலை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரே பக்கமாகப் பத்துக் கிலோமீட்டர் ஓடினால் முழங்காலின் வெளிப்புறம் பிடித்துக்கொள்ளும், அதனால் அவ்வப்போது மேலேறிக் காய்ந்த மணலுக்கும் வர வேண்டியிருக்கும். நீர் சீக்கிரம் வடிகிற பழைய டிரெயில் ஷூ, பிடித்தால் கணுக்கால் கெய்ட்டர், அவ்வளவு போதும். ஐந்து பேரும் கெய்ட்டருக்கு ஒதுக்கிய பணத்தில் ஆளுக்கு இரண்டு ஜோடி விரல் காலுறை வாங்கி, ஒரு ஜோடியை உலர்வாகப் பாலித்தீன் பையில் வைத்து, 25-ஆவது கிலோமீட்டரில் மாற்றிக்கொள்ளட்டும். ஆளுக்கொரு பருத்தித் துண்டும் மறக்க வேண்டாம். போன முறை நான் மறந்துவிட்டு, கடைசி 15 கிலோமீட்டருக்குப் பனியனைக் கழற்றி அதில்தான் கால் துடைத்தேன்.